1,450 ரூபா எலிக்கூடு: கூட்டுல குத்தமில்ல, மேல இருந்ததுதான் எலி இல்ல

இலங்கையில எங்க ஹட்டன் டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில வாங்கின கம்பி எலிக்கூடு பத்தி எழுதுறேன். பேர் போட்ட சாமான் எல்லாம் இல்ல, ஒரு அடி நீளம், அரை அடி உயரம், உள்ள ஒரு கொக்கி, இரைய இழுத்தா கதவு டப்புனு விழும், அவ்ளோதான். 1,450 ரூபா. பக்கத்துலயே எலி ஒட்டுற கம் அட்டையும் இருந்துச்சு, வெலையும் கம்மி, ஆனா ஒரு தடவ எங்க வீட்டு பூனைக்குட்டி அதுல போய் ஒட்டிக்கிட்டு தேங்காண்ணெய் தடவித் தடவி ராத்திரி முழுக்க கழட்டினோம், அதுக்கப்புறம் அத நான் தொடுறதில்ல.

வாங்கின காரணம் சீலிங் மேல சத்தம். எங்களது தகரக் கூரை, அடியில ப்ளைவுட் சீலிங். மழை பெஞ்சா ஒண்ணும் கேக்காது, மழை விட்டா போதும் மேல ஆள் நடக்குற மாதிரி தட் தட்னு இருக்கும். கடைக்காரர்கிட்ட சொன்னா "எலிதான் தம்பி, பெரிய எலியா இருக்கும்"னு கூட்ட எடுத்து குடுத்துட்டாரு. அதுக்கு முன்ன பூச்சி மருந்து அடிக்கிற சர்வீஸ் ஒண்ணுக்கும் போன் பண்ணேன், என்ன சத்தம், எத்தன மணிக்குன்னு ஒரு வார்த்த கேக்கல, நேரா 18,000 ஆகும்னாங்க. போன வச்சுட்டேன்.

கூட்டுல கருவாடு குத்தி சீலிங்ல வச்சேன். ஆறு நாள் ஒண்ணுமில்ல. ஏழாவது நாள் காலைல ஏணி போட்டு பாத்தா கூடு கவுந்து கெடக்குது, கதவு மூடியிருக்கு, உள்ள யாருமில்ல, கருவாட்டக் காணோம்.

சத்தத்த போன்ல ரெக்கார்ட் பண்ணி மெல்பர்ன்ல இருக்க அக்காவுக்கு அனுப்பினேன், அவ கேட்டுட்டு "டேய் இது எலி இல்லடா, பொசம் மாதிரி இருக்கு"ங்குறா. பொசம்னா கங்காரு மாதிரி வயித்துல பை இருக்க சாதி, ஆஸ்திரேலியா பக்கத்து மிருகம், நம்ம ஊர்ல ஒண்ணு கூட கெடயாது, ஹட்டன் வரைக்கும் நீந்தியா வந்துச்சுன்னு சிரிச்சேன். ஆனா அவ சொன்ன கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. அங்க வீடுகள்ல வந்து குடியேறுற பொசம் 4 கிலோவுக்கு மேலயும் வளரும், கூரையில ஏறுற எலி கால் கிலோ இருந்தாலே பெருசு. அதனால எலின்னா குடுகுடுன்னு ஓடும், சுரண்டும், மரத்தயோ வயரையோ கொறிக்கிற சத்தம் வரும், அது பல்லு வளந்துக்கிட்டே இருக்குறதால கொறிக்காம இருக்க முடியாது. பொசம்னா பாரமா நடக்கும், இருட்டுனதும் வெளிய போய்ட்டு விடியறதுக்குள்ள வந்து படுத்துரும். பெருச்சாளியும் பாரம்தானேன்னு கேட்டேன், அது மண்ண தோண்டி குடும்பம் நடத்துறதுடா, கூரைக்கு எதுக்கு ஏறுதுன்னு திட்டுனா.

அம்மா அடுப்படியில இருந்தே "அது மரநாய்டா, ரெண்டு நாளா கொய்யா மரத்துல பழம் நிக்கல"ன்னாங்க. சிங்களத்துல உகுடுவான்னு சொல்றது. எனக்கு கண்ணால பாக்கணும், அதனால சீலிங் ஓட்டைக்கிட்ட ஒரு பேப்பர விரிச்சு கோதுமை மாவ மெல்லிசா தூவி விட்டேன் (அம்மா ரொட்டிக்கு வச்ச மா, அதுக்கு தனியா ஏச்சு வாங்குனேன்). காலைல பாத்தா பூன கால் அளவுல தடம். ஆனா பூனைக்கு தடத்துல நாலு விரல்தான் தெரியும், இதுல அஞ்சு. எலியா இருந்தா குட்டி குட்டியா, முன்காலுக்கு நாலு விரல், பின்காலுக்கு அஞ்சு, சில நேரம் நடுவுல வால் இழுத்த கோடும் இருக்கும்.

மீதிய புழுக்கை சொல்லிருச்சு. எலிப் புழுக்கை ஒரு சென்டிமீட்டர் மாதிரி, கறுப்பா, நுனி கூரா, போற வழியெல்லாம் சிதறிக் கெடக்கும். இங்க ஒரே மூலையில குமிச்சு வச்சிருக்கு, விரல் தண்டிக்கு, அதுக்குள்ள கொய்யா வெதையும் முழுசு முழுசா கித்துள் பனைக் கொட்டையும். கித்துள் பழம் கையில பட்டாலே நமக்கு அரிக்கும், இது அத முழுங்கிட்டு நிம்மதியா எங்க தலைக்கு மேல தூங்குது. 2 கிலோவுலேருந்து 5 கிலோ வரைக்கும் இருக்குற மரநாய்க்கு அரை அடி கூடு வச்ச என்ன பாத்து அது சிரிச்சிருக்கும்.

ராத்திரி ஏழேகால் போல வெளிய நின்னு பாத்தா கூரை ஓரத்து இடுக்குலேருந்து நீட்டு வாலோட எறங்கி கொய்யா கிளையில ஏறிப் போச்சு. உடனே அடைக்கல, உள்ள குட்டி இருந்தா அது செத்து நாறும், தாய் தகரத்தையே பிச்சு எடுக்கும். சீலிங் முழுக்க டார்ச் அடிச்சு பாத்து குட்டி இல்லன்னு தெரிஞ்சதுக்கப்புறம், அது போன நேரமா பாத்து பேப்பர கசக்கி லேசா ஓட்டையில வச்சேன். காலைல பேப்பர் உள்பக்கம் தள்ளிக் கெடந்துச்சு, திரும்ப வந்துருச்சுன்னு அர்த்தம். அடுத்த நாள் ராத்திரி அது எறங்கினதும் அரை இஞ்ச் கம்பி வலை வச்சு ஸ்க்ரூ அடிச்சேன், கொய்யா கிளையவும் கூரையிலேருந்து அஞ்சு அடி தள்ளி வெட்டியாச்சு. வலைக்கு 2,100 ரூபா. கோழிக்கூட்டு வலை வாங்காதீங்க, பிச்சுரும். புழுக்கைய கூட்டும்போது மட்டும் ஒண்ணு, காஞ்சத அப்படியே தும்புத்தடியால தட்டி தூசி கெளப்பாதீங்க, ப்ளீச் தண்ணி தெளிச்சு ஊறவிட்டு கையுறையோட அள்ளுங்க. எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், மேல எது எது வந்து போச்சுன்னு நமக்கென்ன தெரியும்.

சரி, கூட்டுக்கு வருவோம். அடுப்படியில வச்சேன், அங்க நெசமாவே எலி இருந்துச்சு. எலி புது சாமானப் பாத்தா பயப்படும், அதனால மொத மூணு நாள் கதவு விழாம கம்பியால கட்டிட்டு வெறுமனே இரை வச்சேன், நாலாவது நாள் அவுத்து விட்டேன். சுட்ட தேங்காய் சொட்டுக்குத்தான் நல்லா வருது, கருவாடு வச்சா பூனதான் வந்து சுத்துது. ரெண்டு வாரத்துல நாலு எலி. பிடிச்சத என்ன பண்ணோம்னு கேக்காதீங்க, அது மாமா டிபார்ட்மென்ட். கொக்கி இந்த ஈரத்துக்கு பத்து நாள்லயே துரு பிடிச்சிருச்சு, தேங்காண்ணெய் போட்டேன். ஸ்ப்ரிங் கொஞ்சம் முரடு, கைய கடிச்சிருச்சு. கம்பி இடைவெளி பெருசு, ஒரு சுண்டெலி இரைய தின்னுட்டு பக்கவாட்டுல நழுவிப் போனத நானே பாத்தேன்.

எலி மருந்துக்கு இது எவ்வளவோ மேல். மருந்த தின்ன எலி பெரும்பாலும் உடனே சாகாது, நாலஞ்சு நாள் கழிச்சு எங்கயாவது சீலிங் இடுக்குல போய் சாகும், நாத்தம் தாங்காது. அத பிடிச்சு திங்குற ஆந்தைக்கும் பூனைக்கும் சேத்து கேடு.

அடுப்படி எலிக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், சீலிங்குக்கு பூஜ்யம். இப்ப கூடு எங்கிட்ட இல்ல, கீழ் லயத்து அண்ணன் அரிசி மூட்டைய எலி ஓட்ட போட்டுருச்சுன்னு ரெண்டு நாளைக்கு கேட்டு வாங்கிட்டுப் போனாரு, மூணு வாரமாச்சு.