கொப்பியா, பட்டியலா, பையா?

மாமிக்கு 76 வயது. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. "என்ன மருந்து பாவிக்கிறா?" என்று டொக்டர் கேட்டால், யாழ்ப்பாணத்து வீடுகளில் மூன்றில் ஒன்றைத்தான் நீட்டுவோம்: கிளினிக் கொப்பி, வெளிநாட்டுப் பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல், அல்லது வீட்டு மருந்தெல்லாம் அள்ளிப் போட்ட பை.

கொப்பியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மருந்தின் அளவு, பழைய பிரஷர், சீனி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தக் கிளினிக் தந்தது மட்டும்தான் அதில் ஏறும். தனியாரில் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் எழுதியதும், முழங்கால் நோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்கிய டைக்ளோபெனாக்கும், சித்த வைத்தியரின் சூரணமும் ஏறாது. பட்டியல் வாசிக்கச் சுகம், ஆனால் மருந்து மாறியது கனடாவுக்குத் தெரியாது.

அப்புறம் பை. பையில் போடவென்று மாமியின் மருந்துப் பிஸ்கற் பேணியை மேசையில் கொட்டினோம். கிளினிக் சரையில் பிரஷருக்கான லோசாட்டன் குளிசை. பக்கத்தில் தனியார் பாமசி அட்டை ஒன்று, முன்னால் கம்பனிப் பெயர், பின்னால் பொடி எழுத்தில் அதே லோசாட்டன். இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார்.

"மற்றது தலைச்சுத்துக்கு எண்டெல்லோ நினைச்சனான், பிள்ளை."

அந்தத் தலைச்சுற்றே இரட்டைக் குளிசையால் வந்திருக்கலாம். பேணியின் அடியில் நித்திரைக்கு டயசிபாம். வயதானவர்களுக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு புத்தி தடுமாற அது ஒரு காரணமாகும். நெடுநாள் போட்டவர் சட்டென்று விட்டாலும் ஆபத்து. கொப்பியில் இந்த இரண்டு சங்கதியும் இல்லை. என் வாக்கு பைக்குத்தான்.

ஆனால் பையை எப்போது கொண்டுபோகிறோம் என்பது அதைவிட முக்கியம். வார்ட்டில் சேரும் நாளில் காட்டினால் பிந்திவிடும். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வாபரினைப் பொதுவாக ஒப்பரேஷனுக்கு 5 நாள் முன்பும், அதேபோன்ற குளோபிடோகிரலை 5 முதல் 7 நாள் முன்பும், சீனிக்கான எம்பாகிளிபுளோசினை 3 நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். அதைக் கடைசி நாளில் கண்டுபிடித்தால் திகதி தள்ளிப்போகும். புற்றுநோய்க்காரருக்கு அந்த நாட்கள் சும்மா போகிற நாட்கள் இல்லை.

பயந்துபோய் எல்லாக் குளிசையையும் நீங்களே நிறுத்திவிடவும் கூடாது. பிரஷருக்கும் இதயத்துக்கும் போடும் அட்டெனலோல், ஸ்டீரொயிட் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் உயிராபத்தாகலாம். தைரொயிட்டுக்கான தைரொக்சினை ஒப்பரேஷன் அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு போடச் சொல்வது வழக்கம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரின் அஸ்பிரினை என்ன செய்வதென்று இதய டொக்டரும் மயக்க மருந்து டொக்டரும் சத்திர சிகிச்சை டொக்டரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆகவே திகதி கிடைத்த கிழமையே பையோடு போங்கள். கொப்பியையும் அதற்குள்ளேயே வையுங்கள். குளிசைகளைச் சரையிலிருந்து கழற்றி ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகாதீர்கள், பெயர் சரையில்தான் இருக்கிறது.