செல்லுக்கு அடியில் ஓர் இடுக்கு: இ.சி.ஐ.எஸ். கருவியோடு சில வருடங்கள்

ஆய்வகத்தில் வளர்க்கும் செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டன என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அடியில் ஓர் இடுக்கு இருக்கத்தான் செய்யும். உயரம் பெரும்பாலும் 50 முதல் 150 நானோமீட்டர், உள்ளே முழுக்க மீடியம், அதாவது செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவம். மீடியம் நன்றாகவே மின்சாரம் கடத்தும், மின்தடைமை சுமார் 60 ஓம்-செ.மீ.தான். அதையே 100 நானோமீட்டர் படலமாக்கினால், பக்கவாட்டில் கடக்க, சதுரம் எந்த அளவானாலும் ஒரு சதுரத்துக்கு 60 லட்சம் ஓம் ஆகிவிடுகிறது! பெங்களூருவில் எங்கள் ஆய்வகத்தில் ஓடும் இ.சி.ஐ.எஸ். (Electric Cell-substrate Impedance Sensing) கருவி, செல்கள் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பது. அது பிழைப்பதே இந்தக் கணக்கில்தான்.

ஐவார் கியேவரும் சார்லஸ் கீஸும் 1984-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். கியேவர் மீக்கடத்தி (மின்தடை இல்லாமல் கடத்தும் பொருள்) ஆய்வுக்காக 1973-இல் நோபல் வாங்கிய இயற்பியலர். 250 மைக்ரான் அகலத் தங்க மின்முனை மேல் செல்களை வளர்த்து, ஒரு மைக்ரோஆம்பியர் அளவு மாறுமின்னோட்டம் விடுவார்கள். குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செல்லுக்கு அடியிலும் செல்களுக்கு நடுவிலும் சுற்றிக்கொண்டு போகும். அதிர்வெண் ஏற ஏற, செல்சவ்வு வழியாகவே போய்விடும்.

பலர் 4000 ஹெர்ட்ஸில் வரும் ஒரு மின்தடைக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதுகிறார்கள். இவ்வளவு விலை கொடுத்துவிட்டு இது வீண் என்பேன். எண்டோதீலியல் செல்களுக்கு (ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள்) த்ரோம்பின் என்ற ரத்தம் உறையவைக்கும் நொதியை விட்டால் சில நிமிடங்களில் கோடு சரியும். சேலத்திலிருந்து வந்திருக்கும் ஜூனியர் ஓடி வருவாள்: “அக்கா, எல்லாம் செத்துப்போச்சு!” 64,000 ஹெர்ட்ஸ் கொண்மத்தை (capacitance) பார் என்பேன்; செல்கள் மின்முனையை விட்டு விலகினால் அது ஏறும். அது ஏறவில்லை என்றால் செல்கள் இன்னும் மின்முனையை மூடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்புறம்தான் சுவையான கேள்வி: செல்களின் இணைப்பு தளர்ந்ததா, அடி இடுக்கு விரிந்ததா? பல அதிர்வெண் தரவை 1991-இல் கியேவரும் கீஸும் தந்த கணித மாதிரியில் போட்டால் இரண்டையும் தனித்தனியே பிரிக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. அந்த மாதிரி செல்லை வட்டத் தகடாகவும், செல் அடுக்கை இடைவெளி இல்லாததாகவும் எடுத்துக்கொள்கிறது. நீண்டு கிடக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு (இணைப்புத் திசு செல்) வரும் எண்ணை நான் நம்புவதில்லை.

தொல்லைகளும் சொல்கிறேன். செல் வளர்க்கும் இன்குபேட்டரின் ஈரத்தில், தட்டைத் தாங்கும் ஹோல்டரின் தொடுமுனைகள் கறுத்துப்போகும், அடிக்கடி துடைக்க வேண்டும். யாராவது கதவைத் திறந்தால் கோட்டில் தெரிந்துவிடும். மீடியம் மாற்றினாலும் அப்படியே. கணினிக்கு யு.பி.எஸ். கட்டாயம், மழைக்காலத்தில் இங்கே கரண்ட்டை நம்ப முடியாது. தட்டுகள் இறக்குமதி, சுங்கத்தில் மாட்டினால் சோதனை தள்ளிப்போகும். கழுவி மறுபடி பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய தங்கப்படலம், எனக்கு மனம் வரவில்லை.

செல் பெருகுகிறதா என்று மட்டும் பார்க்க இது வேண்டாம், மலிவான வழிகள் உண்டு. தடுப்புச் சுவர் அமைக்கும் செல்களோடு வேலை என்றால் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது ஒரு வருடத்துக்கான தட்டுச் செலவையும் சேர்த்தே நிதி கேளுங்கள்.