விண்டோஸ் 11-க்கு மாறி எட்டு மாதம்: உலாவி மறந்துபோன 143 கடவுச்சொற்கள்

நன்னிலத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் அழைத்து, தம்முடைய மடிக்கணினியில் இன்னும் விண்டோஸ் 10 தான் ஓடுகிறது என்றும், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு ஆதரவும் 2026 அக்டோபர் 13-உடன் முடிந்துவிடும் என்பதால் 11-க்கு மாறிவிடலாமா என்றும் கேட்டார். மாறலாம் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். ஆனால் அவரும் என்னைப் போல் பிறருடைய வரிக் கணக்குகளைப் பார்த்துக் கொடுப்பவர். அவருடைய உலாவியிலும் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள்தாம் அடுக்கிக் கிடக்கின்றன. அதனால்தான் நீட்டி எழுத வேண்டியதாயிற்று.

விண்டோஸ் 11-ஐப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. 2019-இல் வாங்கிய, எட்டாம் தலைமுறைச் செயலி கொண்ட கணினியில் எட்டு ஜிபி நினைவகத்தோடும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போட்ட எஸ்எஸ்டி என்னும் வேகமான புதிய சேமிப்பகத்தோடும் அது தாராளமாக ஓடுகிறது. நடுவில் போய் உட்கார்ந்துகொண்ட தொடக்கப் பொத்தானை முதல் நாளே இடப்பக்கம் இழுத்துவைத்துவிட்டேன். என் வயிற்றெரிச்சல் முழுவதும் சேமித்த கடவுச்சொற்களைப் பற்றியது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்ததால், இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துக்கொள்ளலாம் என்று மன்னார்குடியில் எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் கணினியைக் கொடுத்து, மறுநாள் மாலை வாங்கிவந்தேன். கடைத் தம்பி புதிய எஸ்எஸ்டியைப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி, பழைய பயனர் கோப்புறையை முழுமையாகப் பிரதி எடுத்துவைத்து, பழைய டிஸ்க்கைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். "எல்லாம் அப்படியே இருக்கு சார், ஒண்ணும் போகல" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. டேலி கணக்குகள், ஒளிப்படங்கள், பத்து ஆண்டுக் கடிதங்கள் யாவும் இருந்தன. இருக்கிற விண்டோஸ் 10-இன் மீதே 11-ஐ ஏற்றியிருந்தால் பயனர் கணக்கும் அதனோடு ஒட்டிய கடவுச்சொற்களும் அப்படியே தொடர்ந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வாரம் எப்படிப்பட்டது என்பதை வரி வேலை பார்ப்பவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தைச் செப்டம்பர் மாதத்துக்குக் கொடுக்கக் கடைசி நாளான அக்டோபர் 20-ஆம் தேதியே தீபாவளி. பிறகுதான் அது 25 வரை நீட்டிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. கொள்முதல் நிலையங்களின் வாசலில் குறுவை நெல் மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன. அந்த மழையில் நான் ஜிஎஸ்டி தளத்தைத் திறந்தால், ஆறு ஆண்டுகளாகத் தானே நிரம்பிக்கொண்டிருந்த இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. தம்பியை மறுபடி அழைத்தேன். அவர் பழைய உலாவிக் கோப்புறையை எடுத்து உரிய இடத்தில் ஒட்டினார். புத்தகக்குறிகள் வந்தன, பார்த்த பக்கங்களின் வரலாறு வந்தது, கடவுச்சொல் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

சேமித்தவற்றை இணையத்தில் பிரதி வைக்கும் உலாவியின் ஒத்திசைவு வசதியை இயக்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்களுக்கு: பிறருடைய ஐம்பத்தெட்டு வணிகக் கணக்குகளின் கடவுச்சொற்களை இணையத்தில் வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைக்க மனம் ஒப்பவில்லை. அந்த முடிவுக்காக இன்றைக்கும் நான் வருந்தவில்லை, ஆனால் அதன் விலை என்ன என்பதை முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். கூகுள் குரோம், எட்ஜ் போன்ற, குரோமியம் வழி வந்த உலாவிகள் சேமித்த விவரங்களை 'லாகின் டேட்டா' என்னும் ஒரு சிறிய எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் வைக்கின்றன. அதில் தளத்தின் முகவரியும் பயனர்பெயரும் திறந்தே கிடக்கும். கடவுச்சொல் மட்டும், திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். 2020-இல் வந்த 80-ஆம் பதிப்பிலிருந்து இந்த மறையாக்கத்துக்கான திறவுகோல் 'லோக்கல் ஸ்டேட்' என்னும் வேறொரு கோப்பில் இருக்கிறது. அந்தத் திறவுகோலையும் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருந்துவரும் டிபிஏபிஐ என்னும் ஏற்பாடு பூட்டிவைக்கிறது. இந்தக் கடைசிப் பூட்டு உங்கள் விண்டோஸ் பயனர் கணக்கோடும் அதன் உள்நுழைவுக் கடவுச்சொல்லோடும் கட்டுண்டது. புதிதாக நிறுவிய விண்டோஸில் அதே பெயரில் கணக்கு தொடங்கினாலும் விண்டோஸ் அதை வேறோர் ஆளாகவே கொள்ளும். எங்கள் தெருவில் ராஜகோபாலன் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். தபால்காரர் கதவு எண்ணைப் பார்க்காமல் கடிதத்தைக் கொடுப்பதில்லை. விண்டோஸும் பெயரைப் பார்ப்பதில்லை, கணக்கின் உள் எண்ணைத்தான் பார்க்கிறது.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உள்நுழைவுக் கடவுச்சொல்லைப் பழையதைக் கொடுத்து நீங்களே மாற்றினால், விண்டோஸ் அந்தப் பூட்டையும் புதிய சொல்லுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். மறந்துபோயிற்று என்று கடையில் கொடுத்து, அவர்கள் வெளியிலிருந்து வலிந்து மாற்றினால், உள்ளூர்க் கணக்காக இருக்கும்பட்சத்தில், மறு நிறுவல் எதுவும் இல்லாமலேயே சேமித்த கடவுச்சொற்கள் திறக்காமல் போகும்.

கடவுச்சொற்கள் போனாலும், அந்த 'லாகின் டேட்டா' கோப்பை, எஸ்க்யூலைட் கோப்புகளைத் திறந்து காட்டும் மென்பொருள் ஒன்றில் திறந்தபோது 143 தளங்களின் முகவரிகளும் பயனர்பெயர்களும் வரிசையாகக் கண்ணில் பட்டன. இது நான் எதிர்பாராத உதவி. ஜிஎஸ்டி கணக்குகளைத் தொடங்கியபோது வாய்க்கு வந்தபடி வைத்த பயனர்பெயர்கள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை; அது மட்டும் தெரிந்துவிட்டால் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரவழைத்துக் கடவுச்சொல்லைப் புதுப்பித்துவிடலாம்.

வரவழைத்துவிடலாம் என்று எழுதுவது எளிது. வடுவூர்ப் பக்கத்து உரக்கடைக்காரரின் கைபேசி திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருந்தது. அரிசி ஆலை முதலாளி ஒருவர் நடவு வயலின் வரப்பில் நின்றுகொண்டு, மழைச் சத்தத்துக்கு நடுவே ஆறு எண்களைக் கத்திச் சொல்வார். நான்காவது எண்ணில் இணைப்பு அறுந்துவிடும். மறுபடி பிடிப்பதற்குள் அந்த ஓடிபி செத்துப்போகும். வருமான வரித் தளத்துக்கும் சேர்த்துக் கேட்டபோது ஒருவர் "என்ன சார், தீபாவளிக்கு ஓடிபியா கேக்குறீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இப்படி எட்டு நாளில் முப்பத்தேழு கணக்குகளைப் புதுப்பித்தேன்.

இதற்கிடையில், எப்போதாவது பயன்படுத்தும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பழைய கோப்புறையையும் ஒட்டிப் பார்த்தேன். அதில் சேமித்திருந்த பதினோரு கடவுச்சொற்களும் ஒன்று குறையாமல் வந்து நின்றன. அந்த உலாவி கடவுச்சொற்களை ஒரு கோப்பிலும் அவற்றின் திறவுகோலை இன்னொரு கோப்பிலும் தானே வைத்துக்கொள்கிறது, விண்டோஸ் கணக்கை நாடுவதில்லை. இரண்டு கோப்புகளையும் சேர்த்து எடுத்துப்போனால் எந்தக் கணினியிலும் திறக்கும். அரை மணி நேரம் அதைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். பிறகுதான், அந்தத் திறவுகோலையே பூட்டும் முதன்மைக் கடவுச்சொல் எதுவும் நான் வைத்திராததால், என் கோப்புறையை இரண்டு நாள் கையில் வைத்திருந்த எவருக்கும் அந்தப் பதினொன்றும் இதே போல் திறந்திருக்கும் என்பது உறைத்தது. அன்றிரவே பதினொன்றையும் மாற்றினேன்.

24-ஆம் தேதி, செய்தித்தாள் சுற்றியபடி மேசையில் கிடந்த பழைய டிஸ்க்கை வெறுமையாக்கிக் காப்புநகல் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம் என்று கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான், அதில் பழைய விண்டோஸ் உயிரோடு இருக்கிறதே என்று தோன்றியது. கணினியைக் கவிழ்த்து, எஸ்எஸ்டியைக் கழற்றி, பழைய டிஸ்க்கைப் பொருத்தித் தொடங்கினேன். முக்கி முனகி ஐந்து நிமிடத்தில் விண்டோஸ் 10 எழுந்தது. பழைய கணக்கு, பழைய சொல், உலாவியில் 143 கடவுச்சொற்களும் இருந்தன. ஏற்றுமதி செய்யும் பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் கடவுச்சொல்லை ஒரு முறை கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் சிஎஸ்வி என்னும் பூட்டில்லாத பட்டியல் கோப்பாகக் கொடுத்துவிட்டது. இருபது நிமிட வேலை. இதற்குத்தான் எட்டு நாள் ஊர் முழுக்க ஓடிபி கேட்டு அலைந்திருக்கிறேன். முப்பத்தேழு கணக்குகளுக்கு அந்தப் பட்டியல் பழங்கணக்காகிவிட்டிருந்தது.

நியாயமாகப் பேசினால், அந்தப் பூட்டு செய்தது சரி. என் டிஸ்க்கைப் பிரதி எடுத்தவர் எவராயினும், ஐம்பத்தெட்டு வணிகர்களின் ஜிஎஸ்டி கணக்குக்குள் அந்தக் கோப்புகளை மட்டும் கொண்டு நுழைந்திருக்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் நான் பட்ட அச்சத்தை இது எனக்குத் தரவில்லை. பாதுகாப்புக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை போடுவேன். ஆனாலும் வேலைக்கான கடவுச்சொல் எதையும் இனி உலாவியிடம் ஒப்படைக்கப் போவதில்லை. இத்தனையும் ஒரு விண்டோஸ் கணக்கின் தலையில் தொங்குகிறது என்பதைச் 'சேமிக்கவா' என்று கேட்கும் அந்தச் சின்னப் பெட்டி ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கோபம் எட்டு மாதம் ஆகியும் ஆறவில்லை. இப்போது கடவுச்சொற்கள் எல்லாம், அவற்றைப் பூட்டிவைக்கும் கீபாஸ் என்னும் மென்பொருளின் கோப்பு ஒன்றில் இருக்கின்றன; அதன் பிரதி ஒன்று பென் டிரைவில், அதைத் திறக்கும் தலைச்சொல் ஒரு தாளில், தாள் பீரோவில்.

என் பங்குக் குற்றத்தையும் மறைக்கவில்லை. கீபாஸில் ஏற்றி முடித்த பின் அழித்துவிட வேண்டிய அந்த சிஎஸ்வி கோப்பு, எவரும் திறந்து படிக்கும்படி, நவம்பர் நடுப்பகுதி வரை டவுன்லோட்ஸ் கோப்புறையில் கிடந்தது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்காக அடங்கல் என்னும் சாகுபடிச் சான்றை இணையத்தில் ஏற்றித் தரும்படி வந்த ஒருவருக்குப் படம் தேடும்போதுதான் கண்ணில் பட்டது.

நண்பரிடம் சொன்னது இவ்வளவுதான்: கடையில் கொடுப்பதற்கு முன் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், புதிதாக நிறுவாமல் மேலேயே ஏற்றச் சொல்லுங்கள், டிஸ்க்கை மாற்றினால் பழையதை மூன்று மாதமாவது தொடாமல் வையுங்கள். என் பழைய டிஸ்க் இன்னும் வெறுமையாக்கப்படவில்லை. கும்பகோணத்து வெற்றிலை வியாபாரி ஒருவருடைய கணக்கில் பதிவான எண் இரண்டு ஆண்டுக்கு முன்பே காலாவதியாகி, மின்னஞ்சலும் யாருடையது என்று தெரியாத நிலையில், ஓடிபிக்கு வழியே இல்லாமல் நின்றிருந்தேன். அவருடைய கடவுச்சொல் அந்தப் பட்டியலில் 91-ஆவது வரியில் இருந்தது.