தென்சென்னையின் ஒரு தீக்காயப் பிரிவு: 38 நாள் அனுபவம்

சென்னையில் தீக்காயம் என்றதும் பலர் வாயிலும் முதலில் வருவது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைதான். வேளச்சேரியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கேஸ் கசிந்து தம்பிக்குத் தீப்பற்றிய இரவில், அருகில் இருந்த தனியார் மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் சேர்த்தோம். ஒரு கைக்கு 9 வீதம் இரண்டு கைகளும், மார்பும் வயிறும் சேர்ந்த 18-ம் கூட்டி, உடல் பரப்பில் 36 சதவீதக் காயம் என்றார்கள். மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்து, அங்கே கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாளே எனக்கும் டியூட்டி டாக்டருக்கும் வாக்குவாதம். டெட்டனஸ் ஊசி போட்டார்கள், சில்வர் மருந்து தடவிக் கட்டினார்கள். ஆனால் ஆன்டிபயாடிக் மட்டும் ஏற்றவில்லை. தொற்று வருவதற்கு முன்பே கொடுத்தால் அது தொற்றைத் தடுப்பதை விட, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அன்று அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். இன்று அந்தப் பிரிவின் முதல் தகுதியாக அதையே சொல்வேன்.

ஆறாம் நாள் கட்டைப் பிரித்தபோது துணியில் பச்சை படிந்திருந்தது, இனிப்பு கலந்த ஒரு வாடையும் வந்தது. மேலாகத் துடைத்து எடுக்காமல், சதைத் துணுக்கை வெட்டி, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினார்கள்; சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா என்று முடிவு வந்தது. வெந்து இறந்த தோலில் ரத்த ஓட்டம் இல்லாததால் நரம்பில் ஏற்றும் மருந்து அங்கே போய்ச் சேராது, அதை வெட்டி நீக்கித் தொடைத்தோலை ஒட்டினால்தான் கிருமிக்கு இடமில்லாமல் போகும் என்றார் அறுவை மருத்துவர். அப்படியானால் அதை முதல் சில நாள்களுக்குள்ளேயே செய்திருக்கலாமே என்று கேட்டதற்கு, ஆபரேஷன் தியேட்டர் காலியாக இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. என் பெரிய குறை இதுதான்.

வீட்டார் எல்லோரும் தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய தீக்காயத்தில் உடல் எப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், 38.5 டிகிரி செல்சியஸ் மட்டும் எதையும் சொல்லாது என்பது எங்களுக்குத் தெரியாது. சிஸ்டர்கள் கவனித்தவை வேறு: நாடித்துடிப்பு, மூச்சின் வேகம், குறையும் தட்டணுக்கள் (பிளேட்லெட்), திடீரென ஏறும் சர்க்கரை, 36.5-க்குக் கீழே இறங்கும் வெப்பநிலை. எட்டாம் நாள் தம்பி கஞ்சியை ஒதுக்கியபோது அம்மா சலிப்பு என்று நினைத்தார். பணியிலிருந்த சிஸ்டர் உடனே டாக்டரை அழைத்தார். ரத்தத்தில் தொற்று பரவத் தொடங்கியிருந்தது. சரியான ஆன்டிபயாடிக் அன்றே தொடங்கியது, மறுநாள் அறுவை சிகிச்சையும் நடந்தது. பிழைத்தது அந்த சிஸ்டரால் என்றே நம்புகிறேன்.

கை கழுவுவதில் அவர்கள் கறார். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. அத்தை கோயிலிலிருந்து கொண்டுவந்த பூவையும் விபூதியையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டு, பூவின் ஈரத்தில் கிருமி தங்கும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அத்தை கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. அதுவும் தொற்றுத் தடுப்புக்கு உதவியிருக்கக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தக் கறார் காணாமல் போய்விடுகிறது. பார்வையாளர்கள் கூடிவிட, ஒருவர் கழற்றி மாட்டிய கவுனையே அடுத்தவர் போட்டுக்கொண்டு உள்ளே போவதை இரண்டு முறை பார்த்தேன். எழுத்தில் புகார் கொடுத்த பிறகு தலைக்கு ஒரு புதிய கவுன் தந்தார்கள், அதையும் பில்லில் சேர்த்து. டிரெஸ்ஸிங் செலவோ படுக்கை வாடகையையே தாண்டியது.

பிசியோதெரபி நன்று. வீட்டில் கட்டு மாற்றும் முறையை நேரில் செய்து காட்டினார்கள். ஆனால் கையில் கொடுத்த குறிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால், அதை அம்மாவுக்காக நான் தமிழில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டியதாயிற்று.