145 பவுண்டுக்கு ‘ஒரிஜினல் மாஸ்டர் டேப்’: பட்டி ஹாலி ரெக்கார்டு வாங்குபவர்களே, உஷார்!

கை நடுங்க எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 145 பவுண்டு போச்சு. இன்று காலை, ரெக்கார்டு வாங்கிய ஆன்லைன் சந்தையிடமிருந்து ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது: “ஒலித்தரம் என்பது தனிப்பட்ட ரசனை சார்ந்தது, உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.” ரசனையாம்! இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி விற்பதற்குப் பெயர் ரசனையா?

பழைய ரெக்கார்டுகள் சேர்க்கும் நம்மவர்கள் பிரிட்டனில் கொஞ்சம் பேராவது இருக்கிறீர்கள். ஐம்பதுகளின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் ரெக்கார்டுகளில் எந்த மறுவெளியீடு நல்லது, எதைத் தொடவே கூடாது என்று விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இடம், ஒரு பெரிய ஆன்லைன் சந்தை. பழைய ரெக்கார்டு, புத்தகம், பொம்மை என்று யாரும் எதையும் விற்கலாம் என்கிற வகை. பெயர் போடப்போவதில்லை, வக்கீல் நோட்டீசுக்கு வேறு தண்டம் அழ என்னிடம் காசில்லை. பொருள், நான்கு எல்பி கொண்ட பெட்டி, சீல் பிரிக்காதது, 180 கிராம் தட்டு. விவரத்தில் “ஒரிஜினல் மோனோ மாஸ்டர் டேப்பிலிருந்து” என்று கொட்டை எழுத்து. அதாவது ஸ்டூடியோவின் மூல டேப்பிலிருந்தே எடுத்தது, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. விலை 145 பவுண்டு.

ஹாலி விஷயத்தில் இந்த வாசகத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று தெரியாதவர்களுக்காக: மனிதர் 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் விமான விபத்தில் இறந்தபோது வயது 22. புகழோடு இருந்தது இரண்டு வருடம்கூட இல்லை. விட்டுப்போன அந்தக் கொஞ்சப் பாட்டுகளைத்தான் அறுபது வருடங்களுக்கும் மேலாகத் திருப்பித் திருப்பி அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் தன் வீட்டிலேயே, கிட்டாரும் குரலுமாக, டேப்பில் சில பாட்டுகளைப் பதிவுசெய்து வைத்திருந்தார். இறந்த பிறகு அந்த டேப்புகளின் மேல் முதலில் 1959-லேயே தயாரிப்பாளர் ஜாக் ஹான்சன் கோரஸும் வாத்தியமும் ஏற்றினார். பின்னால், நியூ மெக்சிகோவின் க்ளோவிஸில் தன் ஸ்டூடியோவில் ஹாலியின் பிரபலமான பாட்டுகளைப் பதிவுசெய்த தயாரிப்பாளர் நார்மன் பெட்டி, ஃபயர்பால்ஸ் குழுவை வைத்து இன்னொரு முறை ஏற்றினார். ஆகவே ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று வடிவங்கள் உலவுகின்றன. எனக்கு வேண்டியது எதுவும் ஏற்றாத, அந்த மனிதர் மட்டும் இருக்கிற வடிவம்.

அதைத்தான் விற்பவரிடம் எழுதிக் கேட்டேன். வீட்டு டேப்புகள் மேலே எதுவும் ஏற்றாதவையா? க்ளோவிஸ் பாட்டுகள் மோனோவா, இல்லை எதையாவது செய்து ஸ்டீரியோ ஆக்கியதா?

பதில் உடனே வந்தது. எப்படிப்பட்ட பதில் தெரியுமா! வீட்டு டேப்புகள் அத்தனையும் சுத்தமானவை, தானே போட்டுக் கேட்டதாக உறுதி சொன்னார். அதோடு விடவில்லை. “எவ்ரிடே” பாட்டில் ஹாலியின் டிரம்மர் ஜெர்ரி அலிசன் டிரம்முக்குப் பதிலாகத் தன் முழங்காலைத் தட்டுவது இந்த அச்சில் தோல்மேல் கை படுவது போலவே கேட்கும் என்று எழுதியிருந்தார். அந்த விவரம் தெரிந்த ஆள் ரசிகனாகத்தானே இருக்க முடியும்? ரசிகன் ரசிகனை ஏமாற்றுவானா? அந்த முழங்கால்தான் என்னைக் கவிழ்த்தது. உடனே டெபிட் கார்டில் 145 பவுண்டு.

பெட்டி பார்க்க அம்சமாகத்தான் வந்தது. “எவ்ரிடே” போட்டேன். முழங்கால் தட்டல் எங்கோ தூரத்தில், பருத்தித் துணிக்குள் அமுக்கிய மாதிரி. பேஸ் ஒரு பக்க ஸ்பீக்கரில், செலஸ்டாவின் (மணிபோல் ஒலிக்கும் கீபோர்டு) கிணுகிணுப்பு இன்னொரு பக்கத்தில், ஹாலியின் குரல் நடுவில் குளியலறைக்குள்ளிருந்து. அந்தப் பாட்டு 1957-ல் நார்மன் பெட்டியின் ஸ்டூடியோவில் மோனோவாக எடுத்தது! கீழ் ஒலியை ஒரு பக்கமும் மேல் ஒலியை மறுபக்கமும் பிரித்து, எதிரொலி கலந்து, போலி ஸ்டீரியோ பண்ணியிருக்கிறார்கள். “பெக்கி சூ” இன்னும் கொடுமை. அலிசனின் டிரம் உருளும்போது நார்மன் பெட்டி அதை எதிரொலி அறைக்கு விட்டு விட்டு இழுத்திருப்பார், அலை வந்து வந்து போகும். இங்கே மொத்தமும் ஒரே கூழ். இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று மேல் ஒலியையும் வழித்து எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

சரி, வீட்டு டேப்புகளாவது தேறுமா என்று கடைசித் தட்டைப் போட்டேன். “க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்”. இரண்டாவது வார்த்தைக்கே பின்னாலிருந்து கோரஸ் வந்தது. 1959-ல் ஏற்றிய அதே கோரஸ். எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு!

காது ஏமாற்றுகிறதோ என்று கம்ப்யூட்டரிலும் ஏற்றிப் பார்த்தேன். மோனோ ரெக்கார்டு என்றால் இரண்டு சேனலில் ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் பாட்டு கிட்டத்தட்ட மறைந்து கீறல் சத்தம் மட்டும்தான் மிஞ்ச வேண்டும். இங்கே குரலும் செலஸ்டாவும் ஜம்மென்று மிஞ்சின. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? என் அலமாரியில் 1985-ல் எம்சிஏ கம்பெனி வெளியிட்ட “ஃப்ரம் தி ஒரிஜினல் மாஸ்டர் டேப்ஸ்” சிடி இருக்கிறது, ஸ்டீவ் ஹாஃப்மன் மாஸ்டரிங் (அச்சுக்குப் போகுமுன் ஒலியைச் சீர்செய்வது) செய்தது. பழைய கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கியது. அதில் அந்த முழங்கால் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகிறது. 145 பவுண்டு பெட்டியில் இல்லை.

இனிமேல்தான் கூத்து. விற்பவர் முதலில் சொன்னது: “உங்கள் ஊசி தேய்ந்திருக்கும், மாற்றிப் பாருங்கள்.” தேய்ந்த ஊசி கோரஸ் பாடுமா என்று கேட்டேன். “அந்தக் காலத்துப் பதிவுகள் அப்படித்தான் இருக்கும்” என்றார். அவர் எழுதிய பதிலையே படம் பிடித்து அனுப்பினேன். அதற்கு வந்தது: “சீல் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது.” சீலைப் பிரிக்காமல் ரெக்கார்டை எப்படிக் கேட்பது, மோந்து பார்ப்பதா? அத்தோடு பதில் நின்றுவிட்டது.

சந்தைக்காரர்களிடம் போனேன். முதலில் சாட்டில் ஒரு இயந்திரம், பொருளில் உள்ள சேதத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னது. கோரஸை எப்படி ஐயா போட்டோ எடுப்பது? ஒலிக்கோப்பை இணைக்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. அடம்பிடித்து ஒரு மனிதரைப் பிடித்தேன். ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல இங்கே சட்டம் இருக்கிறதே என்றேன். அது வியாபாரிகளுக்குத்தான், இவர் “தனிநபர் விற்பனையாளர்” என்று பதில். தனிநபராம்! அவர் பக்கத்தைத் திறந்தால் சீல் பிரிக்காத ஐம்பதுகளின் ரெக்கார்டுகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. நான் வாங்கிய அதே ரெக்கார்டு பெட்டியே அவரிடம் பல பிரதிகள். இதை எழுதும் இந்த நிமிடம் வரை அதே பெட்டி, அதே “மாஸ்டர் டேப்” வாசகத்தோடு, அதே 145 பவுண்டுக்கு அங்கே கிடக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றால், 1962-க்குள் வெளியான பதிவுகளின் உரிமைக் காலம் இங்கேயும் ஐரோப்பாவிலும் 50 வருடத்தில் முடிந்துவிட்டது. 2013-ல் அதை 70 ஆக்கினார்கள், ஆனால் அதற்குள் காலாவதியானவை திரும்பி வரவில்லை. ஹாலி 1957, 58-ல் வெளியிட்டதை யார் வேண்டுமானாலும் சட்டப்படியே அச்சடிக்கலாம். அச்சடிக்கலாம், ஆனால் டேப் அவர்களிடம் கிடையாது. டேப் போனது பழைய கம்பெனியின் வாரிசான யூனிவர்சலிடம். பேர் தெரியாத லேபிள் எதிலிருந்து எடுத்திருக்கும்? ஏதோ ஒரு சிடியிலிருந்தோ பழைய எல்பியிலிருந்தோதான். கனமான தட்டில் ஊற்றிவிட்டால் சத்தம் நன்றாகிவிடுமா? 180 கிராம் என்பது பிளாஸ்டிக்கின் எடை, அவ்வளவுதான்.

வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அவர்களும் “விற்பவரிடம் பேசினீர்களா” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அந்த நிதானம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: பெட்டியில் உரிமையாளர் கம்பெனி பெயரும் மாஸ்டரிங் செய்தவர் பெயரும் இல்லையென்றால் “மாஸ்டர் டேப்” வாசகத்தை நம்பாதீர்கள். ஹாலியின் க்ளோவிஸ் பாட்டுகளுக்கு “ஸ்டீரியோ” என்று போட்டிருந்தால் ஓடிவிடுங்கள். 1958 அக்டோபரில் நியூயார்க்கின் பித்தியன் டெம்பிளில் ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடிய “ட்ரூ லவ் வேஸ்” முதலான நான்கு பாட்டுகள் நிஜ ஸ்டீரியோ, அந்தக் கணக்கு வேறு. எதுவும் ஏற்றாத வீட்டு டேப்புகள் வேண்டுமா, 2009-ல் வந்த “டவுன் தி லைன்: ரேரிட்டீஸ்” தேடுங்கள். 100 பவுண்டுக்கு மேல் என்றால் டெபிட் கார்டு வேண்டாம், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். செக்‌ஷன் 75 என்று ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. இடையில் ஆன்லைன் சந்தை இருந்தால் அதிலும் இழுபறி வரலாம், கார்டு கம்பெனியிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அந்த விற்பனையாளர் யார் என்று தெரிய வேண்டுமானால் பொதுவில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். “முழங்கால் தட்டும் சத்தம்” என்று விவரத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் புகாருக்குப் பிறகு அதையும் விளம்பரத்தில் சேர்த்திருக்கிறார்.