கான்ஃபோகலை விட ஏசியைத்தான் அதிகம் கவனிக்கிறேன்

எங்கள் ஆய்வகத்தில் இருப்பது 405, 488, 561, 640 நானோமீட்டர் என்று நாலு லேசர் உள்ள பாயிண்ட் ஸ்கேனிங் கான்ஃபோகல், அதாவது லேசரால் புள்ளி புள்ளியாகப் படமெடுக்கும் நுண்ணோக்கி. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், நான் சொல்லப்போகும் தொல்லைகள் எல்லாக் கம்பெனிக்கும் பொது. வந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பல துறைப் பிள்ளைகள் வந்து கை வைக்கிற கருவி.

முதல் எதிரி அறையின் வெப்பநிலை. ஒரு டிகிரி மாறினாலே ஃபோகஸ் அரை மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரான் வரை நகர்ந்துவிடும். 63எக்ஸ் (63 மடங்கு), 1.4 என்ஏ (லென்ஸ் ஒளியைச் சேகரிக்கும் திறனின் அளவு) ஆயில் லென்ஸில் நாம் பார்க்கும் தளத்தின் தடிமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால், ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் படமெடுக்கும் டைம்லாப்ஸில் செல் காணாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் இடத்தில் சாயங்காலம் ஆறு மணியானால் ஏசியை அணைத்துவிட்டுப் போகிற பழக்கம் இருந்தது, மின்சாரச் சிக்கனமாம்! அதை நிறுத்தவே தனியாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அப்புறம் ஏசியின் குளிர்காற்று நேராக, ஸ்லைடு உட்காரும் ஸ்டேஜ் மேல் விழாமல் ஓர் அட்டையை வைத்துத் திருப்பிவிட்டோம், செலவே இல்லாத அந்த வேலைக்குக் கிடைத்த பலன் வேறு எதற்கும் கிடைக்கவில்லை. 37 டிகிரி இன்குபேட்டர் கூண்டு வைத்து எடுப்பதாக இருந்தால் முந்தின நாள் ராத்திரியே போட்டுவிடுகிறேன்.

ஆட்டோஃபோகஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்லதும்தான். ஆனால் அது கவர்ஸ்லிப்பின் (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியின்) பரப்பில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது. மாதிரியைப் பதித்து வைக்கும் மவுண்டிங் மீடியத்தின் ஒளிவிலகல் எண் கண்ணாடியோடு ஒட்டிவந்தால் திரும்ப ஒளியே வராது, அது தேடிக்கொண்டே நிற்கும். பக்கவாட்டில் ஸ்டேஜ் நகர்ந்தாலும் அதற்குத் தெரியாது.

அடுத்தது லேசர் பவர். சாஃப்ட்வேரில் 5 சதவீதம் என்று போட்டால் அது எதன் 5 சதவீதம்? லென்ஸுக்கு வெளியே எவ்வளவு வருகிறது என்பதை பவர் மீட்டர்தான் சொல்லும். லேசர் போட்டு ஒரு மணி நேரம் சூடாக விட்டு, எப்போதும் அதே 10எக்ஸ் லென்ஸ், அதே செட்டிங்கில் அளந்து ஒரு எக்செலில் போட்டு வைக்கிறேன். ஒரு சமயம் 488 மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிள்ளைகள் கெயினை (டிடெக்டரின் சிக்னல் பெருக்கத்தை) கூட்டிக் கூட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள், லேசர் செத்துவிட்டது, மாற்ற லட்சக்கணக்கில் ஆகும் என்று பேச்சு. ஆனால் லேசர் பெட்டி காட்டிய அளவு அப்படியே இருந்தது, லென்ஸில்தான் குறைந்திருந்தது. இடையில் ஃபைபர் கப்ளிங், அதாவது லேசர் ஒளி ஃபைபருக்குள் நுழையும் இணைப்பு, நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்ஜினியர் வந்து அரை நாளில் சரிசெய்தார்.

கருவியைச் சோதிக்க உதவும் பீட்ஸ், அதாவது நுண்ணிய ஒளிரும் மணிகள், விஷயத்துக்கு வருகிறேன். 100 நானோமீட்டர் அளவுள்ள, நாலு நிறத்திலும் ஒளிரும் டெட்ராஸ்பெக் பீட்ஸைக் கவர்ஸ்லிப்பில் காயவைத்து ஒரு ஸ்லைடு செய்து வைத்துக்கொண்டால் நெடுநாள் வரும். 488-இல் 1.4 என்ஏ லென்ஸுக்குக் கணக்குப்படி ஒரு பீட்டின் பிம்பம் பக்கவாட்டில் 180 நானோமீட்டர் அளவில் வர வேண்டும், நடைமுறையில் 220-க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. குறுக்குவெட்டில் பார்க்கும்போது பீட் ஒரு பக்கம் வால் முளைத்தது போல் சாய்ந்திருந்தால் உடனே இன்ஜினியரைக் கூப்பிடாதீர்கள். முதலில் லென்ஸைத் துடையுங்கள். பெரும்பாலும் காய்ந்துபோன ஆயில், அல்லது இரண்டு வகை ஆயில் கலந்தது. அதுவும் இல்லையென்றால் கவர்ஸ்லிப்பைப் பாருங்கள், 0.17 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நம்பர் 1 மெல்லிசு ஸ்லிப்பைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு.

அதே பீட்டில் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகின்றனவா என்றும் பார்க்கலாம். பல கருவிகளில் 405 தனி ஃபைபரில் வருவதால் முதலில் விலகுவது அதுதான். இரண்டு புரோட்டீன் ஒரே இடத்தில் இருக்கிறது என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இதை அளக்காமல் எழுதுவது எனக்குப் பிடிக்காது. கணக்குப் போட இமேஜ்ஜே என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில் மெட்ரோலோஜே என்ற இணைப்பு நிரல் இலவசம். லேசர் பவரை எப்படி அளப்பது என்று 2020-இல் தொடங்கிய, நுண்ணோக்கிகளின் தரம் பற்றிய சர்வதேசக் குழுவான குவாரெப்-லிமி எழுதிய செய்முறையும் இலவசமாகவே கிடைக்கிறது. சோதனைக்கென்றே செய்யப்படும், விலை உயர்ந்த ஆர்கோலைட் ஸ்லைடு இருந்தால் நல்லது, இல்லாமலும் ஓடும்.

அதிர்வைத் தடுக்கும் மேஜை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, காற்று இறங்கியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். ஈரப்பதம்தான் மழைக்காலத்தில் உயிரை வாங்கும், லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கோட்டிங்கையே தின்றுவிடும். எங்கள் அறையில் டிஹியூமிடிஃபையர் நாள் முழுக்க ஓடுகிறது.

ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) சர்வீஸ் நடக்கும் நாளில் காலையில் ஒரு முறை, இன்ஜினியர் பையை மூடுவதற்கு முன் ஒரு முறை பீட்ஸ் எடுத்துவிடுங்கள். பின்ஹோல் (ஃபோகஸில் இல்லாத ஒளியைத் தடுக்கும் சிறு துளை) சரிசெய்தாயிற்று என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகும் 405 விலகியே இருந்ததைக் காட்டி, அவரை அன்றைக்கே மறுபடி உட்கார வைத்திருக்கிறோம்.