தென்னந்தோப்பும் டெலானேட்டரும்: நான்கு வருடப் பழக்கம்

கொழிஞ்சாம்பாறையில் ஒற்றை அறையில் சர்வே ஆபீஸ் வைத்திருக்கிறேன். லெவல் எடுப்பது (தரை எங்கே எவ்வளவு உயரம் என்று அளப்பது), கான்டூர் படம் போடுவது (ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பது), குளம் வெட்ட எத்தனை கனமீட்டர் மண் எடுக்கவேண்டும் என்று கணக்குச் சொல்வது, இவைதான் பிழைப்பு. பாலக்காட்டிலிருந்து கிழக்கே வர வர மழை குறையும். ஆளியாற்றுத் தண்ணீரை நம்பி எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று தோப்புக்காரர்கள் குளம் வெட்டுகிறார்கள். எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு வரை கணக்கெல்லாம் விலைக்கு வாங்கிய ஒரு மென்பொருளில்தான். வருடாவருடம் உரிமம் புதுப்பிக்கிற செலவு கையைக் கடித்ததால், பிரவுசரில் ஓடும் சின்ன நிரல் ஒன்றை நானே எழுதிக்கொண்டேன். அதற்கு அடியில் இருப்பது டெலானேட்டர். விளாடிமிர் அகஃபோன்கின் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், அதாவது நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல். லீஃப்லெட் வரைபட நூலகமும் அவர் கைவேலைதான். ஐஎஸ்சி உரிமம், காசு கிடையாது.

அது செய்வது ஒரே வேலை. தளத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளைக் கொடுத்தால் முக்கோணங்களாகக் கோத்துத் தரும். எந்த முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாக வட்டம் போட்டாலும் அந்த வட்டத்துக்குள் வேறு புள்ளி இருக்காது. போரிஸ் டெலோனே 1934ல் எழுதிய நிபந்தனை இது. (மனிதர் மலையேறுபவரும்கூட. மேடு பள்ளம் அவருக்குக் காலிலேயே தெரிந்திருக்கும்.) இதனால் ஊசிபோல் நீண்ட முக்கோணங்கள் முடிந்தவரை குறைகின்றன. மிச்சம் என் பங்கு: ஒவ்வொரு முக்கோணத்தின் பரப்பையும் அதன் மூன்று முனைகளின் சராசரி ஆழத்தையும் பெருக்கிக் கூட்டினால் மண் கணக்கு வந்துவிடும்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்தாயிரம் புள்ளிகளைப் பழைய லேப்டாப்பில் கொடுத்தாலும் விரலை எடுப்பதற்குள் விடை வந்து நிற்கிறது.

அந்த விடை வெறும் எண் வரிசை என்பதால் முதலில் முழித்தேன். டிரையாங்கிள்ஸ் என்ற வரிசையை மூன்று மூன்றாக எண்ணினால் ஒவ்வொரு முக்கோணமும் கிடைக்கும். ஹாஃப்எட்ஜஸ் என்ற இன்னொரு வரிசை, ஒரு பக்கத்தை ஒட்டிய அடுத்த முக்கோணத்தில் அதே பக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டும். வெளி ஓரமாக இருந்தால் -1. கான்டூர் கோடு இழுக்க இது வரப்பிரசாதம். ஒரு பக்கத்தைக் கடந்து அந்தப் பக்கத்து முக்கோணத்துக்குள் நுழைந்து, அடுத்த பக்கத்தைக் கடந்து, -1 வரும்வரை அல்லது புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்வரை போய்க்கொண்டே இருக்கலாம். புரிய ஒரு வாரம் ஆனது. புரிந்தபின் அரை நாளில் எழுதி முடித்தேன்.

சரி, அடி வாங்கிய கதைக்கு வருகிறேன். முதல் வருடம் வேலந்தாவளம் பக்கம் ஒரு தோப்பு. படத்தை வாங்கிப் பார்த்த தோப்புக்காரர், "ஏப்பா தம்பி, என்ற வரப்புல எலி பறிச்ச மாதிரி வரிசையாப் பள்ளம் போட்டு வெச்சிருக்கற?" என்றார்.

"ஐயா, அது கம்ப்யூட்டர் போட்டதுங்க."

"கம்ப்யூட்டரா வந்து வரப்பைப் பார்த்துச்சு?"

அவர் சொன்னது நியாயம்தான். வரப்பின் மேல் பத்து மீட்டருக்கு ஒரு லெவல் எடுத்திருந்தோம். வரப்புக்கு இருபுறமும் ஒன்றரை மீட்டர் தள்ளி வயலில் லெவல். வரப்பு மேல் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, அந்த வயல் புள்ளி இரண்டும் மூன்று மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. டெலோனே நிபந்தனைப்படி பத்து மீட்டர் கோட்டைவிட மூன்று மீட்டர் கோடுதான் ஜெயிக்கும். ஆகவே முக்கோணத்தின் பக்கம் வரப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வயலிலிருந்து வயலுக்குப் போய்விட்டது. நூலகத்தின்மேல் தப்பில்லை. அதற்குப் புள்ளி தெரியும், வரப்பு தெரியாது. உயரத்தைக்கூட நாம் அதனிடம் கொடுப்பதில்லை. இந்தப் புள்ளியையும் அந்தப் புள்ளியையும் கட்டாயம் இணை என்று சொல்ல அதில் வழி கிடையாது. அதற்கென்று கன்ஸ்ட்ரெய்னேட்டர் என்ற துணை நூலகம் இருக்கிறது. டெலானேட்டரின் விடையை வாங்கி, நாம் சொல்லும் கோடுகளைக் கட்டாயமாக்கித் தரும். அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. எங்கள் பக்கத்துத் தோப்புகளில் வாய்க்காலும் வரப்பும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், வெட்டும் இடத்திலெல்லாம் புள்ளி சேர்த்துக் கோட்டைத் துண்டாக்க வேண்டியிருக்கிறது. சின்ன வேலைக்கு அந்தப் பாடு எதற்கு என்று, வரப்பின் மேல் இரண்டு மீட்டருக்கு ஒரு லெவல் எடுத்துவிடுகிறோம்.

இன்னொன்று, வெளி ஓரம். தோப்பு கால் மடக்கிய மாதிரி இருந்தாலும், கயிறு கட்டி இழுத்ததுபோல் மொத்தப் புள்ளிகளையும் சுற்றி வளைத்து நடுவில் முக்கோணம் போட்டுவிடும். பக்கத்துத் தோட்டக்காரர் கிணறும் நம் கணக்கில் வந்துவிடும். முக்கோணத்தின் மையம் எல்லைக்கு வெளியே இருந்தால் கழித்துவிடுகிறேன். அது போதவேண்டுமென்றால் எல்லையிலும் நெருக்கமாகப் புள்ளி வேண்டும்.

குளத்துக்குக் கருங்கல் தடுப்புச்சுவர் கட்டிய இடத்தில் சத்தமில்லாமல் ஒரு கோளாறு. சுவர் தலையும் அடியும் ஒரே இடம், உயரம் மட்டும் வேறு. ஒரே இடத்தில் இரண்டு புள்ளி வந்தால் டெலானேட்டர் ஒன்றை விட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. சுவரின் அடிப் புள்ளியை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தபின் சரியானது. அதேபோல வாய்க்கால் நடுக்கோட்டு லெவல்களை மட்டும், எல்லாம் ஒரே நேர்கோட்டில், கொடுத்தால் ஒரு முக்கோணமும் வராது. காலி வரிசைதான் வரும்.

ஒரு கூத்து முழுக்க என்னால் வந்தது. நினைவகத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆயத்தொலைகளை ஃப்ளோட்64க்குப் பதில், பாதி இடமே பிடிக்கிற ஆனால் துல்லியம் குறைந்த ஃப்ளோட்32 எண்களாக வைத்தேன். பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யூடிஎம் முறையின் 43ஆம் மண்டலத்தில் எங்கள் ஊரின் வடக்கு எண் பதினொரு லட்சத்து எண்பதாயிரம் மீட்டருக்கு மேல். அந்த அளவில் ஃப்ளோட்32க்கு 12.5 சென்டிமீட்டருக்கு ஒரு படிதான் தெரியும். கிழக்கு எண் ஏழு லட்சம், அங்கே 6.25 சென்டிமீட்டர். புள்ளிகளெல்லாம் படியில் உட்கார்ந்துகொண்டன. தூரமும் கோணமும் அளக்கும் கருவியான டோட்டல் ஸ்டேஷனைத்தான் முதலில் சந்தேகப்பட்டு, பழுதுபார்க்கக் கோயம்புத்தூர் வரை தூக்கிப்போனேன். போக்குவரத்துக் காசும் போச்சு, இரண்டு நாளும் போச்சு.

இன்னும் தீராதது, கட்டம் போட்டு எடுக்கும் லெவல். ஐந்து மீட்டர் சதுரத்தின் நான்கு மூலையும் ஒரே வட்டத்தில் விழும் என்பதால், எந்த மூலைவிட்டம் போட்டாலும் சரிதான். மொத்தப் புள்ளிகளின் நடுவுக்கு அருகிலிருந்துதான் நூலகம் தன் வேலையை ஆரம்பிக்கும். தூரத்தில் ஒரு புள்ளி கூட்டினால் நடு மாறி, மூலைவிட்டங்கள் புரண்டுவிடுகின்றன. கனமீட்டரும் சின்னதாக மாறுகிறது. டிப்பர் கணக்கில் இரண்டு லோடு வித்தியாசம் வந்தால் ஜேசிபிக்காரர் விடுவாரா? அதனால் ஸ்டாஃப் (லெவல் எடுக்கும் அளவுகோல்) பிடிக்கும் அண்ணனை, கட்டத்து மூலையிலிருந்து ஒரு முழம் அங்கே இங்கே தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன். "இருபது வருசமா நேரா நில்லு நேரா நில்லுன்னு திட்டு வாங்கினவன்டா நான்" என்று சொல்லிக்கொண்டே கோணலாக நிற்கிறார்.